ஐரோப்பாவின் காட்டுச் சட்டமும் உங்கள் காப்பித் தோட்டமும்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ், ஹனூரைத் தாண்டி வந்து நிற்கும் ஊர் கௌதள்ளி. பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்துகொண்டது. ராகியும் மக்காச்சோளமும் விளைகிற வறண்ட பூமி. காப்பிக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள்.

நீங்கள் இந்தப் பக்கத்திலிருந்து குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவராக இருக்கலாம். மேற்கே பிளிகிரிரங்கன் மலையில் வீட்டைச் சுற்றிக் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் சோலிகர் பழங்குடிக் குடும்பத்தில் ஒருவராக இருக்கலாம். ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ இரண்டு ஏக்கர் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். கொஞ்ச காலமாக ஒரு பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும்: "ஐரோப்பாக்காரன் புதுச் சட்டம் போட்டிருக்கிறான், இனிமேல் நம்ம காப்பியை வாங்க மாட்டான்." இதில் பாதி சரி, பாதி தப்பு. எது எந்தப் பாதி என்று பொறுமையாகப் பார்ப்போம்.

அது என்ன சட்டம்?

ஐரோப்பிய ஒன்றியம் என்பது 27 நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பு. அது 2023-ல் காடழிப்புத் தடுப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஜூன் 29-ல் அது சட்டப் புத்தகத்தில் ஏறியது. சொல்வது இதுதான்: காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த பொருளை ஐரோப்பாவில் விற்கக் கூடாது. மாடு, கோகோ, காப்பி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருள்கள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றிலிருந்து செய்யப்படும் பல பொருள்களும் அதில் அடங்கும்.

உங்கள் தோட்டத்து மிளகும் ஏலக்காயும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆரஞ்சு இல்லை, தேயிலையும் இல்லை. நீலகிரியில் தேயிலை மட்டும் வைத்திருப்பவர் இந்தச் சட்டத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. கன்னியாகுமரியில் ரப்பர் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழில்காரர்களும் கவனித்தார்கள். மாட்டுத்தோலும் 2023-ன் பட்டியலில் வந்ததுதான் காரணம்.

பருவநிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மரம் உயிரோடு நிற்கும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைத் தனக்குள் சேர்த்து வைக்கிறது. வெட்டி எரித்தால் சேர்த்ததெல்லாம் திரும்பக் காற்றுக்குப் போகிறது. 1990-க்கும் 2020-க்கும் இடையில் உலகம் 42 கோடி ஹெக்டேர் காட்டை இழந்தது என்பது ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கு. இந்தியா முழுவதையும் அளந்தாலே ஏறக்குறைய 33 கோடி ஹெக்டேர்தான். அப்படிப் போன காட்டில் மிகப் பெரும் பகுதி விவசாயத்துக்காகவே போனது. "எங்கள் மேசைக்கு வரும் உணவுக்காகவும் காடு அழிகிறது, அதில் எங்கள் பங்கை நிறுத்துகிறோம்" என்பது ஐரோப்பா சொல்லும் நியாயம். அந்த நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. அதற்கான செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதில்தான் வருத்தம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் காப்பி அவ்வளவு ஐரோப்பாவுக்கா போகிறது? ஆமாம். இந்தியாவில் விளையும் காப்பியில் பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தில், அதிலும் குடகில்தான் அதிகம். விளைச்சலில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அந்த ஏற்றுமதியில் பாதிக்கு மேல் வாங்குவது ஐரோப்பிய நாடுகள்; அவற்றில் முதல் இடம் இத்தாலிக்கு. அங்கே கதவு பாதி மூடினால் மடிக்கேரியிலும் தாண்டிக்குடியிலும் உடனே தெரியும். தோட்டக்காரருக்குத் தெரிந்த அடுத்த வாரமே கௌதள்ளியிலிருந்து கூலிக்குப் போனவருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் காப்பி ஐரோப்பாவுக்குள் போக மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. விளைந்த நிலம் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடாக இருந்து அழிக்கப்பட்டதாக இருக்கக் கூடாது. விளைவித்த நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டு விளைந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் விசாரித்துப் பார்த்தேன் என்று ஐரோப்பாவில் அதை இறக்குமதி செய்பவர் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசிக் கடமை இறக்குமதியாளருடையது. ஆனால் அவர் எதை வைத்து எழுதுவார்? ஏற்றுமதியாளரைக் கேட்பார். ஏற்றுமதியாளர் கியூரிங் வொர்க்ஸை (காப்பிக் கொட்டையின் மேல்தோலை நீக்கித் தரம் பிரிக்கும் ஆலையை) கேட்பார். ஆலைக்காரர் வியாபாரியைக் கேட்பார். வியாபாரி கடைசியில் உங்கள் களத்துக்கு வந்து நிற்பார்.

என் தோட்டம் காடு மாதிரியே இருக்கிறதே, அதைக் காடு என்று சொல்லிவிட மாட்டார்களா?

நம் பக்கத்து விவசாயிகள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. பிரேசிலில் காப்பி பெரும்பாலும் திறந்த வெயிலில் வளர்கிறது. நம் காப்பி பலா, அத்தி, சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே வளர்கிறது. வானத்திலிருந்து செயற்கைக்கோள் படம் எடுத்தால் தோட்டம் எது, காடு எது என்று எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது.

சட்டம் காட்டுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. அரை ஹெக்டேருக்கு, அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கு மேல் பரப்பு. 5 மீட்டருக்கு மேல் உயரமான மரங்கள். நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மரக்கிளைகளின் மூடல். இந்த அளவை மட்டும் பார்த்தால் குடகின் பாதித் தோட்டங்கள் காடாகிவிடும். ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: முக்கியமாக விவசாயத்துக்குப் பயன்படும் நிலம் காடு ஆகாது. மரத்தோடு கலந்து செய்யும் விவசாயமும் இந்த விலக்கில் அடங்கும். ஆகவே 2020-க்கு முன்பிருந்தே காப்பித் தோட்டமாக இருந்த நிலம், எத்தனை மரம் நின்றாலும், தோட்டமே.

அப்படியானால் பழைய காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செடி நட்டால்? தோட்டம் தோட்டமாகவே இருக்கிறது, காடழிப்பு ஆகாது. நிழல் மரத்தைக் கழித்தாலும் அதே பதில்தான். மரத்தை முழுதாக வெட்டும்போது மட்டும் நம் நாட்டுச் சட்டம் குறுக்கே வரும். கர்நாடகத்தில் 1976-ன் மரப் பாதுகாப்புச் சட்டப்படி பல மரங்களை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். சில்வர் ஓக், கல்யாண முருங்கை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அனுமதியில்லாமல் வெட்டினால் அது இரண்டாவது நிபந்தனையில் இடிக்கும். வெட்டு அனுமதிச் சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

நிழலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாக்காரன் படத்தில் காடு மாதிரித் தெரியக் கூடாது என்று நினைத்து நிழல் மரங்களைக் குறைக்கிற வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அரபிகாவைத் தின்று தீர்க்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு, வெயில் படுகிற தண்டைத் தேடி வந்து முட்டையிடும். நிழல் போனால் வண்டு வரும். ரொபஸ்டாவுக்கோ பிப்ரவரி, மார்ச்சில் பூ மழை வேண்டும். அடுத்த சில வாரங்களில் காய் பிடிக்க இன்னொரு மழை வேண்டும். இப்போது அந்த மழைகள் நாள் தவறுகின்றன, இல்லையென்றால் ஒரேயடியாகக் கொட்டுகின்றன. 2018 ஆகஸ்டில் மக்கந்தூர்ப் பக்கத்தில் தோட்டமே மலையோடு சரிந்து போனதைக் குடகில் யாரும் மறக்கவில்லை. பருவநிலை மாற்றம் உங்களுக்கு ஐரோப்பிய அலுவலகக் காகிதத்தில் வந்த செய்தி அல்ல. மண்ணைப் பிடித்து வைப்பதும் ஈரத்தைக் காப்பதும் அந்த மரங்கள்தான்.

புவிக்குறி என்று எதையோ கேட்கிறார்களே, அது என்ன?

புவிக்குறி என்றால் உங்கள் நிலம் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் இரண்டு எண்கள். ஒன்று வடக்கு தெற்கைச் சொல்லும், அட்சரேகை என்பார்கள். இன்னொன்று கிழக்கு மேற்கைச் சொல்லும்; தீர்க்கரேகை. வீட்டுக்கு விலாசம் மாதிரி நிலத்துக்கு இது.

உங்கள் நிலம் 4 ஹெக்டேர் வரை, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர் வரை இருந்தால் நிலத்துக்குள் ஒரே ஒரு இடத்தின் குறி போதும். அதற்கு மேல் இருந்தால் எல்லையைச் சுற்றி வந்து பல புள்ளிகளாகக் குறித்து முழு வடிவத்தையும் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் காப்பி நிலம் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் சிறு விவசாயிகள். ஆகவே உங்களில் பலருக்கு ஒரு புள்ளியே போதும். இரண்டு இடங்களில் தனித்தனித் துண்டாக நிலம் இருந்தால் துண்டுக்கு ஒரு புள்ளி வேண்டும்.

செல்போனில் வரைபடத்தைத் திறந்து, தோட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, உங்கள் இடத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் அந்த எண்கள் வரும். புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் வரை வேண்டும் என்கிறது சட்டம். ஆறாவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர்தான் நகரும். அவ்வளவு நுணுக்கம் கேட்கிறார்கள். மரத்தடியில் சிக்னல் தள்ளாடும். சிறிது நேரம் ஒரே இடத்தில் நின்று, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். வீட்டில் உட்கார்ந்து எடுத்து அனுப்பாதீர்கள். வீட்டின் குறிதான் போகும்.

பலர் தவறுகிற இடம் இன்னொன்று உண்டு. இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதிவிடுகிறார்கள். நம் பக்கத்துக் காப்பிப் பகுதிகளில் அட்சரேகை 10 முதல் 13-க்குள் தொடங்கும். தீர்க்கரேகை 75 முதல் 78-க்குள் தொடங்கும். சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிளிகிரிரங்கன் மலையின் 12, 77 என்ற எண்களை மாற்றிப் போட்டால் உங்கள் தோட்டம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் கடலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கணினி அதை ஏற்காது. சரக்கு துறைமுகத்தில் காத்திருக்கும்.

இந்த எண்ணைக் கொடுத்தால் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளுமா, வரி போடுமா என்ற சந்தேகம் பலருக்கு இருக்கிறது. இந்தச் சட்டம் கேட்பது நிலம் இருக்கும் இடத்தை. அதை வைத்து உங்கள் உரிமையைப் பறிக்கும் அதிகாரம் இதில் யாருக்கும் கிடையாது. ஆனால் உங்கள் பெயர், நிலத்தின் இடம், விளைச்சல் எல்லாம் சேர்ந்த தகவல் ஒரு சொத்துதான். வழியில் போகும் யாரோ ஒருவர் செல்போனை நீட்டிக் கேட்டார் என்று கொடுத்துவிடாதீர்கள். காப்பி வாரியம் இதற்காகவே ஒரு செயலி வைத்து விவசாயிகளைப் பதியச் சொல்கிறது. உங்கள் பகுதி வாரிய அலுவலகத்தில் தொடர்பு அலுவலர் இருப்பார். நேரே அவரிடம் போங்கள். இடையில் ஒருவர் "நான் பதிந்து தருகிறேன், இத்தனை ஆயிரம் கொடுங்கள்" என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நிலப் பத்திரம் சரியில்லாவிட்டால்?

சட்டத்தைவிட இதுதான் பலருக்குப் பெரிய தலைவலி. கர்நாடகத்தில் பஹணி, தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா. எத்தனையோ வீடுகளில் அவை இன்னும் தாத்தா பெயரில் இருக்கின்றன. அவர் போய் இருபது வருடம் ஆகியிருக்கும். மூன்று மகன்கள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து ஆளுக்கொரு பக்கம் காப்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஐரோப்பியச் சட்டம் உங்கள் பெயரில் பட்டா இருந்தே ஆக வேண்டும் என்று தானாக ஒரு விதி வைக்கவில்லை. உங்கள் நாட்டுச் சட்டப்படி அந்த நிலத்தில் பயிர் செய்யவும் விற்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. தாத்தா பெயரிலுள்ள பஹணியும், வாரிசுச் சான்றும், வரி கட்டிய ரசீதும் சேர்ந்து அந்த உரிமையைக் காட்ட உதவும். இருந்தாலும் நான் சொல்வது, பவுத்தி கத்தே (இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுகள் பெயருக்கு நிலப் பதிவை மாற்றுவது) வேலையை இப்போதே தொடங்குங்கள். தமிழ்நாட்டில் பட்டா மாறுதல். இந்தச் சட்டம் நாளைக்கே இல்லாமல் போனாலும் அது வீண் போகாது. வங்கிக் கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

சோலிகர் மக்களுக்கு வேறு விதம். 2006-ன் வன உரிமைச் சட்டப்படி கிடைத்த உரிமைப் பத்திரம் ஒரு சட்டபூர்வ ஆவணம். பிளிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் "காட்டுக்குள் விளைந்த காப்பி" என்று வெளியாள் யாராவது ஒதுக்கப் பார்க்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் பல வருடமாகக் காப்பி எடுக்கிற துண்டு நிலம் காப்பகத்தின் எல்லைக்குள் இருப்பதாலேயே காடழிப்பு ஆகிவிடாது. பத்திரத்தில் உள்ள பரப்புக்கும் நீங்கள் பயிர் செய்யும் பரப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020-க்குப் பிறகு காட்டை வெட்டி ஒரு கால் ஏக்கர் நீட்டியிருந்தாலும் அந்தத் துண்டின் காப்பியை ஐரோப்பாவுக்குப் போகும் மூட்டையில் சேர்க்காதீர்கள். அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பாக இருக்கும் தோட்டங்களுக்கும் சிக்கல் உண்டு. குத்தகை, முறைப்படுத்தல் எந்த நிலையில் இருக்கிறது என்று வருவாய்த் துறையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏன் அந்தக் கால் ஏக்கருக்கு இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், கலப்புதான் இந்தச் சட்டத்தின் மிகக் கடுமையான இடம். ஒரு வியாபாரி நாற்பது வீட்டில் வாங்கி ஒரே லாரியில் கொட்டுகிறார் என்று வையுங்கள். நாற்பதில் ஒரு வீட்டுக் காப்பி எங்கே விளைந்தது என்று தெரியவில்லை. பிரித்தெடுக்கவும் வழியில்லை. அப்போது லாரி முழுவதுமே ஐரோப்பாவுக்கு ஆகாது. மீதி முப்பத்தொன்பது பேர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே இனி வியாபாரிகள் காகிதம் உள்ளவரிடம் தனியாகவும் இல்லாதவரிடம் தனியாகவும் வாங்குவார்கள் என்று எதிர்பார்க்கலாம். விற்கும்போது எடை, தேதி, உங்கள் பெயர், எந்த நிலத்துக் காப்பி என்று எழுதிய சீட்டு ஒன்றை வாங்கி வையுங்கள். பக்கத்து வீட்டு மூட்டையை உங்கள் பெயரில் போட்டு விற்கிற உதவியை இனிச் செய்யாதீர்கள். உங்கள் ஏக்கருக்கு விளையக்கூடியதைவிட அதிக மூட்டை உங்கள் பெயரில் போனால் சந்தேகம் உங்கள் மேல்தான் வரும்.

கூலிக்குப் போகும் எனக்கு இதில் என்ன?

இருக்கிறது. விளைவித்த நாட்டின் சட்டம் என்று சொன்னேனே, அதில் தொழிலாளர் சட்டமும் மனித உரிமையும் சேர்த்தி. குறைந்தபட்சக் கூலி, குழந்தைகளை வேலைக்கு வைக்காதது, இவையெல்லாம் அந்தக் கேள்விக்குள் வரும். பெரிய தோட்டங்கள் இனி வருகைப் பதிவேட்டையும் கூலிச் சீட்டையும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டிய காரணம் ஒன்று கூடியிருக்கிறது. நீங்களும் ஒரு சின்ன நோட்டில் எந்தத் தோட்டம், எத்தனை நாள், எத்தனை கிலோ, எவ்வளவு கூலி என்று எழுதி வாருங்கள். மேஸ்திரி மூலமாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஐரோப்பிய அதிகாரி வந்து உங்கள் கூலியை வாங்கித் தருவார் என்று நினைக்காதீர்கள். ஆனால் கேட்டு வாங்குவதற்கு உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

எப்போதிலிருந்து நடைமுறை? 2024 டிசம்பர் 30 என்று முதலில் வைத்தார்கள். ஓராண்டு தள்ளினார்கள். பிரேசில், இந்தோனேசியா, மலேசியா போன்ற நாடுகளும் ஐரோப்பிய வணிகர்களுமே கொடுத்த நெருக்கடி அதற்கு ஒரு காரணம். 2025-ல் தங்கள் கணினி அமைப்பு அத்தனை பதிவுகளைத் தாங்காது என்று சொல்லி மறுபடி ஓராண்டு தள்ளினார்கள். இப்போதுள்ள தேதி, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30. மிகச் சிறிய, சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. இந்தச் சிறிய நிறுவனம் என்பது நீங்கள் அல்ல. சட்டத்தின் கடமையைச் சுமக்கும் வணிகரின் அளவைச் சொல்கிறது. உங்கள் காப்பியை வாங்குவது பெரிய நிறுவனமாக இருந்தால் முதல் தேதிதான் உங்களுக்கும்.

இரண்டு முறை தள்ளியதால் மூன்றாவது முறையும் தள்ளுவார்கள், சும்மா இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அரபிகா நவம்பரில் பழுக்கத் தொடங்கும், ரொபஸ்டா ஜனவரியில். பறித்து, காய வைத்து, ஆலைக்குப் போய், கப்பல் ஏறி அங்கே இறங்க மாதங்கள் ஆகும். தேதி வந்த பிறகு குறி எடுக்க ஓடினால் அந்த வருடத்துச் சரக்கு பிந்திவிடும். தள்ளினால் தள்ளட்டும், உங்கள் நிலத்தின் எண் மாறப் போவதில்லை.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் உலக நாடுகளை ஆபத்தின் அளவுப்படி மூன்று வகையாகப் பிரித்தது. இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடு என்ற வகையில் வந்தது. இலங்கையும் வியட்நாமும் அதே வகைதான். பிரேசிலும் இந்தோனேசியாவும் மலேசியாவும் நடு வகை. குறைந்த ஆபத்து வகையில், இறக்குமதியாளர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவரைச் சோதித்தால் போதும். நடு வகையில் மூன்று பேர், அதிக ஆபத்தில் ஒன்பது பேர். இந்தியச் சரக்குக்கு ஆபத்தை அலசி எழுதும் வேலையும் குறைகிறது. புவிக்குறி மட்டும் குறையவில்லை.

சரி, இதையெல்லாம் நம் சார்பில் பேச யாரும் இல்லையா?

இந்தக் கேள்வியை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஐரோப்பா 27 நாடுகளாகச் சேர்ந்து ஒரே குரலில் பேசுகிறது. அதன் எதிரே தென்கிழக்கு ஆசியாவிலும் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. ஆசியான் என்று பெயர். இந்த இரண்டும் 1977 முதல் முறைப்படி பேசி வருகின்றன. 2020 டிசம்பரில் உறவை இன்னும் உயர்த்திக்கொண்டன. பருவநிலை, காடு, எரிசக்தி எல்லாம் அந்தப் பேச்சில் உண்டு. காட்டுச் சட்டம் வந்ததும் ஆசியானில் அங்கமான இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து நின்று, 2023-ல் ஐரோப்பாவோடு ஒரு கூட்டுப் பணிக்குழுவை அமைக்க வைத்தன. சிறு விவசாயிகளை எப்படிச் சேர்ப்பது, தடம் பிடிப்பதற்கு எந்த முறை ஏற்கப்படும் என்று அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனாலும் கேட்க ஒரு மேசை இருந்தது.

நம் தெற்காசியாவுக்கும் ஒரு கூட்டமைப்பு உண்டு: சார்க். 1985 டிசம்பரில் டாக்காவில் தொடங்கியது. 2010-ல் திம்புவில் நடந்த உச்சி மாநாட்டின் மையப் பொருளே பருவநிலை மாற்றம்தான், அறிக்கையும் வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் சார்க்கில் பார்வையாளராக இருக்கிறது. ஆனால் 2014-ல் காட்மாண்டுவில் கூடியதற்குப் பிறகு சார்க் உச்சி மாநாடு நடக்கவே இல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் முகம் கொடுத்துப் பேசாத வரை அது அப்படியேதான் கிடக்கும். இலங்கையின் ரப்பர்காரர்கள், வங்கதேசத்துத் தோல்காரர்கள், நம் காப்பிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்திருந்தால் அதன் எடையே வேறு. அது நடக்காததில் எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே இந்தியா தனியாகப் பேசுகிறது. 2016-ல் பிரஸ்ஸல்ஸில் தூய எரிசக்தி, பருவநிலைக் கூட்டாண்மை ஒன்றில் இந்தியாவும் ஐரோப்பாவும் சேர்ந்தன. அதன் கவனம் பெரும்பாலும் சூரிய மின்சாரம், காற்றாலை போன்றவற்றில் இருந்தது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் முதலியவற்றுக்கு ஐரோப்பா விதிக்கும் எல்லைக் கரிமக் கட்டணம் (ஒரு பொருளைச் செய்யும்போது வெளியான புகைக்கு இறக்குமதியாளரிடம் வசூலிக்கும் பணம்) 2026 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா அதை நியாயமில்லை என்று உலக மேடைகளில் சொல்லி வருகிறது. 1992-ல் ரியோவில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட கொள்கை ஒன்றை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறது: பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு எல்லோருக்கும் ஒன்று அல்ல. அதிகப் புகை விட்டு வளர்ந்தவர் அதிகம் சுமக்க வேண்டும்.

காப்பிக்கும் அதே நியாயம் பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன். மரத்தை வெட்டாமல் நிழலில் காப்பி வளர்த்தவர்தான் இன்று தான் வெட்டவில்லை என்று நிரூபிக்கச் செல்போனோடு மலையேறுகிறார். அந்த நாளின் கூலி, காகிதத்துக்கான அலைச்சல், தனித்தனியாகக் களத்தில் காய வைக்கும் செலவு, எதற்கும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூடத் தருகிறேன் என்று சட்டம் சொல்லவில்லை. ரொபஸ்டாவின் விலை லண்டன் சந்தையிலும் அரபிகாவின் விலை நியூயார்க்கிலும் ஏறி இறங்குகிறது. விலை உச்சத்தில் இருக்கும்போது இந்தச் செலவு தெரியாது. விலை விழும் வருடத்தில் தெரியும். உங்கள் விவசாயிகள் சங்கமோ உற்பத்தியாளர் நிறுவனமோ கூடும்போது இதைக் கேளுங்கள்: குறி எடுக்கும் செலவை ஏற்றுமதியாளர் ஏற்பாரா, காகிதம் சரியாக உள்ள காப்பிக்குத் தனி விலை உண்டா. நாற்பது பேர் சேர்ந்து ஒரே ஆலைக்கு ஒரே தரத்தில் கொடுத்தால் அந்தக் கேள்வியை அழுத்திக் கேட்கலாம்.

ஐரோப்பா வேண்டாம், வேறு நாட்டுக்கு விற்கிறேன் என்றால்? தாராளமாக விற்கலாம். உள்நாட்டில் நாம் குடிக்கும் காப்பிக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் நீங்கள் விற்கும் வியாபாரிக்கே அந்த மூட்டை கடைசியில் எங்கே போகும் என்று விற்கும் நாளில் தெரியாது. இரண்டு கதவும் திறந்திருந்தால் பேரம் பேச உங்களுக்கு வசதி.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். எண் இரண்டையும் எடுத்தவுடன் செல்போனில் மட்டும் வைத்துவிடாதீர்கள். போன் தண்ணீரில் விழும், பேரன் அழித்துவிடுவான். பஹணி அல்லது சிட்டா நகலின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி, எடுத்த தேதியையும் போட்டு, நிலத்தில் நின்று எடுத்த ஒரு புகைப்படத்தோடு அதே உறையில் வையுங்கள். வியாபாரி களத்துக்கு வரும்போது அந்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் போதும்.